மணி நம் வீட்டில்தான் அடிக்க வேண்டும்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருவதாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருக்கிறாய். ஓசூர்ப் பக்கம் ஓர் இல்லம் பார்த்துவிட்டதாகவும், அங்கே எந்நேரமும் ஆள் இருப்பார்கள் என்றும், அப்பாவை அங்கே சேர்த்துவிட்டு என்னை உன்னோடு பெங்களூருக்கு அழைத்துப்போகப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். உன் அத்தை கைகூப்புகிற படம் போட்டாள். உன் சித்தப்பா "நல்ல முடிவு" என்று போட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் உனக்குத் தனியாக எழுதாமல் இதையும் அதே குரூப்பில் போடுகிறேன். எல்லாரும் படிக்கட்டும். நீளமாக இருக்கிறது என்று தோன்றுகிறவர்கள் கைகூப்பிவிட்டு நகர்ந்துகொள்ளட்டும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா எங்கேயும் வரமாட்டார். நானும் வரமாட்டேன். நீ வீட்டில் மாட்டிய சென்சார்களை வைத்து நீ சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: "நெட்வொர்க் நிக்க மாட்டேங்குதும்மா. அதை நம்பி அப்பாவை வூட்ல வெச்சிருக்க முடியாது." பங்குனியில் நீ அதைச் சொன்னபோது அது உண்மை. நானும் அதை மறுக்கவில்லை. இப்போது ஆவணி. சித்திரைக்குப் பிறகு அது ஒரு முறைகூட விழவில்லை. எப்படி விழாமல் நின்றது, யார் நிற்க வைத்தார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ளாமல் இல்லத்தில் அறை பார்த்தது சரியில்லை.

போன வருசம் பொங்கலுக்கு நீ அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினாய். அதற்கு முன்பே அப்பாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏரியூர் போகும் பஸ்ஸை வருசக்கணக்கில் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு மறுபடி டியூட்டிக்குக் கிளம்ப ஆரம்பித்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் காக்கிச் சட்டையைக் கேட்பார். நேரமாகிவிட்டது என்பார். கேட்டைத் திறந்துகொண்டு நடப்பார். நம் அதியமான்கோட்டை வீட்டிலிருந்து ரோட்டுக்குக் கொஞ்ச தூரம்தான். ரோடு என்றால் நான்கு வழிச் சாலை. சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் நம் ஊர் இருப்பதையே மறந்துவிட்டுப் போகிற சாலை. பஸ் நிற்பது அதற்கு அந்தப் பக்கம்.

நீ பயந்தது நியாயம். நீ வாங்கி வந்த சாமான்களும் நல்ல சாமான்கள். அதில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். கதவுக்கும் கேட்டுக்கும் சென்சார், அறைக்கு அறை நடமாட்டம் பார்க்கிற சென்சார், சுவரில் செருகும் ஸ்மார்ட் பிளக்குகள், பல்புகள், எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஹப் என்று நீ ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய். கேட் திறந்தால் நம் இருவர் போனிலும் மணி அடிக்கும் என்றாய். "பேட்டரியில ஓடுற சென்சாருக்குக் குரல் பத்தாதும்மா. பக்கத்துல கரண்ட்ல இருக்கிற பிளக்கு அதைக் கேட்டு அடுத்த பிளக்குக்குச் சொல்லும். அது ஹப்புக்குச் சொல்லும். ஒரு வழி அடைஞ்சா இன்னொரு வழியில போயிக்கும். இதான் மெஷ்" என்று நீ சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஏரியூர்ப் பள்ளியில் கணக்கு நடத்தியவள் நான். ஒரு விசயத்தை நன்றாக விளக்குகிறவனை எனக்கு உடனே பிடித்துவிடும். என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாய். உன் பெயருக்குப் பக்கத்தில் 'உரிமையாளர்' என்று இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'விருந்தினர்' என்று இருந்தது. கதவு திறந்ததா மூடியதா என்று நான் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூடத்தில் நீ மாட்டிய கேமராவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதை நான் கழற்றியதற்கு நீ இன்னும் கோபமாக இருக்கிறாய். ஒரு மத்தியானம் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கூடத்தில் வேட்டியை அவிழ்த்துப்போட்டுவிட்டு பேன்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது சுவரிலிருந்து உன் குரல் கேட்டது. "அப்பா, வெளிய போவாதீங்க. உள்ள போய் உக்காருங்க."

"டேய், எப்படா வந்த?" என்று அவர் கேட்டது கொல்லைக்கே கேட்டது. நான் ஓடி வருவதற்குள் நீ அதை அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தாய். அவர் உன்னைத் தேட ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். குளியலறைக் கதவைத் தட்டி, "தண்ணி இருக்குதா உள்ள?" என்று கேட்டார். விளக்கு வைக்கும்வரை அவர் உட்காரவில்லை. இன்னொரு தட்டை எடுத்து வைத்துவிட்டு என்னிடம், "பையன் வந்தான். சாப்புடாம எங்க போனான்? நீ எதுனா சொன்னியா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நீயே யோசித்துப் பார்.

அன்றைக்கே ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றினேன். நீ போனில் கத்தினாய். "சேஃப்டி முக்கியமா, இதெல்லாம் முக்கியமா?" என்று கேட்டாய். ரெண்டும்தான் என்றேன். இன்றைக்கும் அதுதான். தன் வீட்டுக் கூடத்தில் வேட்டி மாற்றுகிற மனுசனை எந்தக் கண்ணும் பார்க்கக் கூடாது, பெற்ற பிள்ளையின் கண்ணாக இருந்தாலும். அந்தக் கேமரா பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போ.

அதற்கப்புறம்தான் சென்சார்கள் காணாமல் போக ஆரம்பித்தன. ஆப்பில் பச்சையாக இருந்தது சாம்பலாக மாறும். ஒரு நாள் கேட், இன்னொரு நாள் கொல்லைக் கதவு. நீ பெங்களூரில் இருந்தபடியே எதையோ அணைத்துத் திருப்பிப் போடுவாய், வரும். அடுத்த நாள் போய்விடும். "யாரோ எதையோ புடுங்கறீங்கம்மா" என்பாய். இல்லை என்பேன். நம் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சே அதுவாகிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் சென்சார் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பங்குனியில் அந்த நாள் வந்தது. சாப்பிட்டபின் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் கேட் திறந்து கிடந்தது, அவர் இல்லை. உன் போனுக்கும் ஒன்றும் வரவில்லை, என் போனுக்கும் வரவில்லை. பக்கத்து வீட்டு லூர்து மேரி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். இருவரும் ரோட்டோரம் வரை போனோம். அந்த வெயிலில் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, எதைப் பார்த்துவிடுவேனோ என்று நான் நின்றதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. லூர்து மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒண்ணும் ஆயிருக்காது அக்கா. ஆயிருந்தா கூட்டம் நின்னுருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஆறுதலைக் கேட்டபின் ரோட்டில் எங்கே கூட்டம் நிற்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

காவேரியிடமிருந்து போன் வந்தது. அப்பாவோடு கடைசி வருசங்களில் ஏரியூர் வண்டியில் கண்டக்டராக இருந்தவன். இப்போது தருமபுரி டவுன் வண்டியில் இருக்கிறான். "அண்ணி, அண்ணன் எங்கிட்டதான் இருக்காருங்க. பயப்படாதீங்க" என்றான். அப்பா நான்கு வழிச் சாலையைக் குறுக்கே கடந்து, பஸ் ஸ்டாப்பில் நின்ற வண்டியின் டிரைவர் பக்கம் போய், "நான் ரிலீவ் பண்ண வந்துருக்கேன், எறங்குப்பா" என்று சொல்லியிருக்கிறார். காவேரிதான் ஓடிப்போய், "அண்ணே, இன்னிக்கு ஒங்களுக்கு ரெஸ்டு. வாங்க, முன்சீட்ல உக்காருங்க" என்று ஏற்றிக்கொண்டான். நான் ஆட்டோ பிடித்து டிப்போவுக்குப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "டீச்சர், இன்னிக்கு வண்டி லேட்டுங்க" என்றார். கல்யாணத்துக்கு முன் நான் அவர் வண்டியில் பள்ளிக்கூடம் போன நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார். இப்போதெல்லாம் பாதி நேரம் நான் அவருக்கு அந்த டீச்சர்தான். அழுவதா, பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு டீ வாங்குவதா என்று தெரியவில்லை. டீயை வாங்கினேன்.

அன்று இரவே நீ "இது ஒத்து வராதும்மா" என்றாய். மறுநாள் காலையில் நான் உன்னிடம் பாஸ்வேர்டு கேட்டேன்.

"எதுக்கும்மா? நீ எதையாவது தொட்டு, இருக்கிறதும் போயிடும்" என்றாய்.

"இருக்கிறதுதான் போயிட்டிருக்குதே."

"நான் பாத்துக்கறேன். நீ டென்ஷன் ஆவாத."

டென்ஷன் ஆகாமல் உட்கார்ந்திருப்பதற்கு அவர் உன் வீட்டிலிருந்து காணாமல் போகவில்லை. என் வீட்டிலிருந்து போனார். அந்த வாரம் முழுக்க நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆப்பில் எந்த சென்சார் எந்தப் பிளக் வழியாகப் பேசுகிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற ஒரு படம் இருக்கிறது. விருந்தினருக்கும் அதைப் பார்க்க அனுமதி உண்டு. கேட், முன்கதவு, வாசல் எல்லாவற்றின் கோடும் கூடத்துப் பிளக் ஒன்றில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிளக் இருக்கும்வரை எல்லாம் பச்சை. மத்தியானத்தில் அது மறையும். கூடவே எல்லாம் மறையும். போனை வைத்துக்கொண்டு அந்தப் பிளக்குக்கு எதிரே உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்தது. அப்பா எழுந்து கை துடைத்தார். கூடத்துக்கு வந்து பல்பு சுவிட்சை அணைத்தார். ஃபேனை அணைத்தார். குனிந்து பிளக் சுவிட்சை அணைத்தார். சமையலறைக்குப் போனார், அங்கேயும் அப்படியே. படுக்கையறை, தாழ்வாரம் என்று ஒன்றுவிடாமல் சுற்றிவந்து, கடைசியில் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சட்டை எங்கங்க டீச்சர்?" என்றார். டிப்போவில் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கிய மனுசன் அவர், சாமி. ஒரு நாளும் விளக்கை எரியவிட்டுப் போனதில்லை. எந்த நேரத்துக்காக நாம் மணி வைத்தோமோ, சரியாக அந்த நேரத்துக்கு முன்னால் அவரே அதை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். உன் மெஷ் வேறு வழி தேடிப் போகும் என்றாய். எல்லா வழியையும் ஒரே ஆள் வரிசையாக மூடிக்கொண்டு போனால் அது எங்கே போகும்?

உன்னிடம் சொன்னேன். சுவிட்ச் மேல் டேப் ஒட்டச் சொன்னாய். ஒட்டினேன். அவர் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, "யாரு இதை ஒட்டுனது? கரண்ட்டு வீணாப் போவுது பாருங்க" என்று கலங்கிப்போனார். வியர்த்துவிட்டது அவருக்கு. நானே உட்கார்ந்து எல்லா டேப்பையும் பிய்த்தேன். நெட்வொர்க்குக்காக அவரை மாற்றுவதில்லை, அவருக்காக நெட்வொர்க்கை மாற்றுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

எலக்ட்ரீஷியன் சென்றாயனை வரச் சொன்னேன். ஸ்மார்ட் பிளக்குகள் எல்லாவற்றுக்கும் சுவிட்ச் இல்லாமல் நேர் லைன் கொடுக்க வேண்டும் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "ரிப்பேருன்னு வந்தா எப்புடிங்க டீச்சர் ஆஃப் பண்றது?"

"மெயின் பாக்ஸ்கிட்ட தனியா ஒரு சுவிட்ச் வெச்சுடு. ஒசரத்துல வெய்யி."

"அப்ப கீழ இருக்கிற சுவிட்ச எடுத்துடட்டுங்களா?"

"எடுக்காத. அது அவருக்கு வேணும். அணைக்கட்டும். எதுவும் அணையாம இருக்கணும்."

அவன் கீழே இருந்த சுவிட்சை ஒரு முறை தட்டிப் பார்த்தான். பிறகு, "பழைய மாடல் சுவிட்சா போட்டுடறேனுங்க. டொக்குனு சத்தம் வரும். அண்ணனுக்கு அணைச்ச மாதிரி இருக்கோணுமில்ல" என்றான். அப்படியே போட்டான். இன்றைக்கும் அப்பா மத்தியானத்தில் ஒரு சுற்று வருகிறார். டொக், டொக் என்று கேட்கும். திருப்தியாகத் திரும்பிப் பார்ப்பார். ஸ்மார்ட் பல்புகளையும் கழற்றிவிட்டு சாதாரண பல்புகளைப் போட்டுவிட்டேன். சுவரில் அணைத்தால் ஸ்மார்ட் பல்புகளும் ஊமையாகிவிடுகின்றன. மற்றவர்களின் பேச்சைக் கடத்துகிற வேலையை அணைந்துபோகிற பொருளிடம் கொடுக்கக் கூடாது. ஹப்பும் ரவுட்டரும் பீரோ மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. அந்த இரும்புப் பீரோ சென்சார்களின் குரலில் பாதியை விழுங்குகிறது. மீதியை வைஃபை அமுக்குகிறது. ஹப்பை வீட்டின் நடுவில் மர அலமாரிக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் சேர்த்தேன். கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் தகரக் கொட்டகை மறைக்கிறது. லூர்து மேரியின் பக்கச் சுவர் கேட்டுக்கு நேர் பார்வையில் இருக்கிறது. அங்கே ஒரு பிளக் வைக்கலாமா என்று கேட்டேன். "வெய்யுங்கக்கா. மணியும் ஒண்ணு வெய்யுங்க. எங்க வூட்லயும் அடிக்கட்டும்" என்றாள். நம் இன்வெர்ட்டரிலிருந்தே அங்கே வயர் இழுத்தோம்.

அதன் பிறகு நான் செய்ததுதான் உன்னைக் கோபப்படுத்தியது. ஹப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. சேஃப்டி பின்னை விட்டு அழுத்திப் பிடித்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். உன்னையும் சேர்த்துத்தான். அழுத்தினேன். மறுபடி என் பெயரில் தொடங்கினேன். ஹப்புக்குப் பக்கத்துப் பிளக்கை முதலில் சேர்த்து, அப்புறம் அடுத்தது என்று கேட்வரை போய், கடைசியில்தான் சென்சார்களைச் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தே சேர்த்தேன். ஹப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிட்டு நீ கொண்டுபோய் மாட்டினாயே, அவை தங்களுக்குத் தெரிந்த பழைய வழியையே தேடிக்கொண்டிருந்தன. வைஃபையும் சென்சார்களும் ஒரே அலைவரிசையில் மோதாதபடி இரண்டையும் தள்ளி வைத்தேன். பிறகு தொடவில்லை. மறுநாள்வரை ஒன்றிரண்டு வந்து வந்து போயின. உன்னை மாதிரி உடனே திருப்பிப் போட எனக்கும் கை பரபரத்தது. விட்டுவிட்டேன். தானாகவே வழி பிடித்துக்கொண்டு நின்றன. அந்த நேரமெல்லாம் லூர்து மேரி அப்பாவோடு வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நீ போன் செய்தாய். "அம்மா, ஆப்புல ஒண்ணுமே இல்ல. வூட்ல கரண்ட் இல்லியா? என்னாச்சு?" உன் குரலில் இருந்த பதற்றம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "எல்லாம் இருக்குது. என் பேருக்கு மாத்திட்டேன். ஒனக்கு விருந்தினர்னு ஒண்ணு அனுப்பறேன், ஏத்துக்க." நீ ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த அழைப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் இத்தனை மாதம் அது விழாமல் நின்றது உனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மாற்றினேன். நீ வைத்த முறையில் கேட் திறந்தால் செய்தி இணையத்தில் ஏறி எங்கேயோ போய், உன் போனில் அடித்துவிட்டுத்தான் எனக்கு வரும். அவர் இருப்பது இங்கே. ஓடவேண்டியவள் நான். மணி நம் வீட்டில்தான் அடிக்க வேண்டும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஹப்புக்குள்ளேயே அந்த விதியை எழுதிவைத்தேன். ஆனால் அந்த மணிச் சத்தம் அப்பாவைப் பயமுறுத்தியது. காதைப் பொத்திக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தார். அதில் வேறு சத்தம் வைக்கவும் வழி இருந்தது. என்ன சத்தம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பாவைப் பார்க்க காவேரி வந்தான். அவன் சட்டைப்பையில் விசில் இருந்தது. ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் போகலாம். என் போனில் பதிவு செய்ய ஒரே ஒரு நீள விசில் ஊதச் சொன்னேன். அவன் ஊதியபோது தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்த அப்பா சட்டென்று நின்றுவிட்டார். காவேரி விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே என்னைப் பார்த்தான். அன்றைக்கே சமையலறை, கேட், லூர்து மேரி வீடு என்று மூன்று ஸ்பீக்கரிலும் மணிக்குப் பதிலாக அந்த விசிலை வைத்தேன்.

ஆடியில் காற்று எப்படி அடித்தது என்று உனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ரோட்டோரம் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளையும் அறுத்துவிட்டார்கள், நெட்டும் இல்லை. போனில் சிக்னல்கூட வந்து வந்து போனது. உன் கணக்குப்படி நாங்கள் கைவிடப்பட்ட நாள் அது. நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். சமையலறை ஸ்பீக்கரில் விசில் கேட்டது. கேட் பக்கத்திலும் கேட்டது. லூர்து மேரி வீட்டிலும் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் கேட்டைப் பாதி திறந்தபடி, ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு, இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று காத்திருக்கிற டிரைவராக நின்றுகொண்டிருந்தார். லூர்து மேரி தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "நிக்கறாருக்கா" என்றாள்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவருடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். "போலாங்களா?" என்றேன்.

"எல்லாரும் ஏறியாச்சுங்களா டீச்சர்?"

"ஏறியாச்சுங்க."

இருவரும் நடந்தோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற புளியமரம்வரை போய் நின்று, போகிற வண்டிகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார். இவன் கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டுகிறான், அவன் வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. பிறகு அவருக்கே அலுத்துவிட்டது. "வூட்டுக்குப் போலாமா?" என்றார். அப்போது டீச்சர் என்று சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னார்.

இப்போது நாங்கள் பெரும்பாலான மத்தியானங்களில் அப்படித்தான் போய் வருகிறோம். நீ நெட்வொர்க்கை எதற்காக வைத்தாய் என்று எனக்குத் தெரியும். அவர் வெளியே போகாமல் இருப்பதற்காக. நான் வைத்திருப்பது அதற்காக இல்லை. எனக்குச் செருப்புப் போட நேரம் கிடைப்பதற்காக. நீ பார்த்திருக்கும் இல்லத்தில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். கதவு பூட்டியிருக்கும். கேட்டில் அவரை நிறுத்த விசிலும் தேவைப்படாது, அவரோடு புளியமரம்வரை நடக்க ஆளும் இருக்காது. அவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு வழியில்லாதவர்களுக்கு அது வேண்டும்தான். எனக்கு வழி இருக்கிறது.

எனக்கும் வயதாகிறது என்று உன் அத்தை பதில் எழுதுவாள். ஆகிறது. என் முழங்காலுக்குத் தெரியும். அவரோடு நடக்க முடியாத நாள் வரும், அவரைத் தூக்க முடியாத நாள் வரும். அதைக் குரூப்பில் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டாம். நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன். அன்றைக்கு நீ தயங்காமல் வா, நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நாளை நீ முன்கூட்டிக் கொண்டுவரக் கூடாது. நெட்வொர்க்கும் என்றாவது விழும். எந்தப் பொருள் விழாமல் இருந்தது? அது விழுகிற நாளில் கேட் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அது எழும்வரை இருப்பேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வா. கட்டாயம் வா. அப்பாவை அழைத்துப்போக வராதே, அப்பாவைப் பார்க்க வா. நீ வந்தது அவருக்கு நினைவிருக்குமோ இருக்காதோ, சுவரிலிருந்து பேசாமல் எதிரே உட்கார்ந்து சாப்பிடு. மத்தியானம் புளியமரம்வரை நீ அவரோடு நடந்து போ, நான் வீட்டில் கொஞ்சம் படுத்திருக்கிறேன்.

வரும்போது சென்சாருக்குப் போடுகிற பட்டன் பேட்டரி ஒரு பெட்டி வாங்கி வா. நல்லதாகப் பார்த்து, வருசக்கணக்கில் வருகிற மாதிரி வாங்கு.

அம்மா